விருந்தும் பொறையும்: 'புற் அப் வித்' என்னும் ஆங்கிலத் தொடர்வினையின் பொருளும் வழக்கும்

பிறமொழியொன்றைக் கற்கப் புகுவோரை இடர்ப்படுத்துவன அம்மொழியின் நெடுஞ்சொற்களே என்பது பலர் கொண்டுள்ள எண்ணம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பொருந்துவதன்று. இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அம்மொழியிற் புகுந்த நெடுஞ்சொற்கள் பெரும்பாலும் ஒரு பொருளையோ இரு பொருளையோ தந்து அமைவன. அவற்றை ஒருமுறை அகராதியிற் பார்த்து உளங்கொண்ட மாணவன் பின்னர் மயங்குவது குறைவு. அவனை என்றும் மயக்குவன இரண்டும் மூன்றும் நான்கும் எழுத்துக்களாலாய சிறு சொற்களே. 'புற்', 'கெற்', 'கோ', 'ரேக்' முதலிய சிறு வினைகள், 'அப்', 'அவுட்', 'இன்', 'வித்' முதலிய சிறு இடைச்சொற்களோடு கூடுமிடத்து, கூடிய உறுப்புக்கள் இரண்டிலும் இல்லாத புதுப்பொருளொன்று தோன்றுகின்றது. மஞ்சளுஞ் சுண்ணமுஞ் சேர்ந்தவழிச் செந்நிறம் பிறத்தல்போல்வது இது.

இத்தகைய கூட்டுக்களுள் அன்றாட உரையாடலிற் பெரிதும் வழங்குவதும், தமிழ் மாணவர் எளிதிற் பிழைபடக் கையாளுவதுமாகிய ஒன்று 'புற் அப் வித்' என்பது. விரும்பத்தகாத ஒன்றனைத் தடுக்கவோ விலக்கவோ இயலாத நிலையில், அல்லது விலக்க முயலாது, அதனோடு ஒத்துப்போதல் என்பது இதன் பொருள். 'சகித்துக்கொள்ளுதல்' எனத் தமிழில் ஒருவாறு கூறலாம். இத்தொடரின் உறுப்புக்களைத் தனித்தனியே பெயர்த்தால் 'வை', 'மேலே', 'உடன்' என்னும் மூன்று சொற்களே எஞ்சும். அவற்றிலிருந்து பொறுமை என்னுங் கருத்தை எவரும் பெறுதல் அரிது. அக்கருத்து எங்ஙனம் வந்து புகுந்தது என்பதையும், அதனை எவ்விடத்து வழங்கலாம், எவ்விடத்து வழங்கலாகாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடர்வினை என்னும் வகை

வினைச்சொல்லும் இடைச்சொல்லுஞ் சேர்ந்து ஒரு வினையின் தன்மைப்பட்டு நிற்றலை ஆங்கில அறிஞர் நெடுங்காலத்திற்கு முன்னரே கண்டனர். 1755-ஆம் ஆண்டில் தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் யோன்சன், அதன் முகவுரையில் இதனைத் தனியே எடுத்தோதினார். இவ்வகைக் கூட்டுப் பிறமொழிகளிலும் பார்க்க ஆங்கிலத்தில் மிகுதி என்பதும், அந்நிய நாட்டார்க்குப் பேரிடர் விளைப்பது இதுவே என்பதும் அவர் கருத்துக்கள். ஆயினும் இவ்வகைக்கு நிலைத்த பெயரொன்று வாய்த்தது 20-ஆம் நூற்றாண்டிலேயாகும். 1925-இல் லோகன் பியர்சல் சிமித் என்பார் 'சொற்களும் மரபுத்தொடர்களும்' என்னும் பொருள்படும் தமது நூலில் இவற்றிற்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை இட்டு வழங்கினார். அப்பெயரைத் தமக்கு எடுத்துரைத்தவர் ஒக்ஸ்போட் பேரகராதியின் பதிப்பாசிரியருள் ஒருவராகிய என்றி பிறட்லி என்பதையும் அவரே குறித்துள்ளார். அப்பெயர் தமிழில் ஈண்டுத் 'தொடர்வினை' எனப்படும்.

இடைச்சொற்கள் தாமாக இயங்கும் ஆற்றலில்லாதன. பெயரோடும் வினையோடும் சார்ந்தே நடப்பன என்பது தொல்காப்பியர் இடையியலின் தொடக்கத்திற் கூறும் இலக்கணம். ஆங்கில இடைச்சொற்களும் சார்ந்தே நடப்பன. ஆனால், தாம் சார்ந்த வினையின் பொருளை அடியோடு மாற்றும் ஆற்றல் அவற்றிற்கு உண்டு. இதனைக் கண்டு தமிழ் மாணவன் வியப்புறவேண்டியதில்லை. 'செய்துவிட்டான்' என்னுமிடத்து 'விடு' என்பது விடுதற்பொருளை இழந்து முடிவுப்பொருளைத் தருகின்றது. 'பொறுத்துக்கொண்டான்' என்னுமிடத்துக் 'கொள்' என்பது பெறுதற்பொருளை இழந்து நிற்கின்றது. தமிழ் துணைவினையாற் செய்வதை ஆங்கிலம் இடைச்சொல்லாற் செய்கின்றது என்று கொண்டால் இவ்வகை ஓரளவு தெளிவாகும்.

ஆங்கிலத்தின் பழைய நிலையிலும் இத்தகைய சேர்க்கை இருந்தது. ஆனால் அக்காலத்தில் ஒட்டுச்சொல் வினைக்கு முன்னே நிற்றல் பெருவழக்கு. பொறுத்தல், விட்டொழிதல் என்னும் பொருள்களையுடைய 'ஃபோர்பெயார்' என்னும் சொல் அவ்வழி வந்து இன்றும் எஞ்சியுள்ளது. 1066-இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் அரசவையிலும் நீதிமன்றிலும் பிரெஞ்சுமொழி ஆட்சிபெற்றது. அதன் வழியாகவும் இலத்தீனிலிருந்தும் எண்ணிறந்த வினைகள் ஆங்கிலத்திற் புகுந்தன. மக்கள் வழக்கிலோ பழைய சிறு வினைகள் மறையவில்லை. பின்னே இடைச்சொற்களை ஏற்றுப் பெருகின. இதனாலேயே இன்றைய ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு ஏட்டு வழக்காக ஒரு சொல்லும், இல்ல வழக்காக ஒரு தொடர்வினையும் இணையாக நிற்றலைப் பலவிடத்துங் காணலாம். 'ரொலறேற்' என்பதற்கும் 'புற் அப் வித்' என்பதற்கும் உள்ள உறவும் இத்தகையதே.

வாளுறையிலிருந்து வந்த பொறுமை

இனி, 'புற் அப்' என்பது பொறுத்தற்பொருளைப் பெற்ற வரலாறு காண்போர்க்குச் சுவை பயப்பது. 'புற் அப்' என்பதன் பழைய பொருள்களுள் ஒன்று, எடுத்த பொருளை உரிய இடத்தில் மீள வைத்தல் என்பது. வாளை உறையிலிடுதற்கு இத்தொடர் சிறப்பாக வழங்கிற்று. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில், யோவான் எழுதிய சுவிசேடத்தின் 18-ஆம் அதிகாரத்தில், வாளோங்கிய பேதுருவை நோக்கி அதனை உறையிலிடுமாறு இயேசு பணிக்குமிடத்து வருவது இத்தொடரே. சேக்ஸ்பியரின் 'ரோமியோவும் யூலியற்றும்' நாடகத்தின் முதற் காட்சியிலும், தெருவிற் பொருதும் ஏவலரை விலக்கவரும் பென்வோலியோ இதனையே ஆளுகின்றான்.

ஒருவன் இன்னொருவனால் இழிவுபடுத்தப்படுகின்றான் என்று வைத்துக்கொள்க. அக்காலத்து மானமுடையான் வாளை உருவுவன். உருவிய வாளைப் பழிவாங்காது உறையிலிட்டானாயின், அவன் அவ்விழிவை ஏற்றுக்கொண்டான் என்பது பெறப்படும். பைக்குள்ளே ஒன்றை இட்டுக்கொள்ளுதலும் 'புற் அப்' எனவே வழங்கப்பட்டது. இழிவைப் பைக்குள் இட்டுக்கொள்ளுதல் என்னும் உருவகமும் அக்கால ஆங்கிலத்தில் உண்டு. சேக்ஸ்பியரின் 'யோன் மன்னன்' நாடகத்தில் ஒஸ்திரியக் கோமகன் தனக்கிழைக்கப்பட்ட தீங்குகளைப் பையிலிட்டுக்கொள்ள வேண்டியிருக்கின்றதே எனக் குறைப்படுவதை அறிஞர் அறிவர். இவ்வாறு, உள்ளே வைத்தல் என்பதிலிருந்து வெளிக்காட்டாது அடக்குதல் என்பதும், அதிலிருந்து எதிர்க்காது பொறுத்தல் என்பதும் கிளைத்தன எனக் கொள்வது பொருத்தமுடைத்து.

இப்பொருளிலே 'புற் அப்' என்பது முதலில் 'வித்' என்பதன் துணையின்றியே வழங்கிற்று. 'ரைற்றஸ் அன்ரோனிக்கஸ்' நாடகத்தின் முதலங்கத்தில், வெளிப்படையாக இழிவுற்றபின் பழிவாங்காது அடங்கியிருப்பதோ எனச் சற்றேணினஸ் சினந்து கேட்குமிடத்தும், 'ஒதெல்லோ' நாடகத்தின் நான்காம் அங்கத்திலே தான் பட்டவற்றையெல்லாம் இனியும் அமைதியாகப் பொறுத்தற்கில்லை என்று ரொடெறிகோ கூறுமிடத்தும் 'வித்' வரவில்லை. இவ்விரண்டிடத்தும் பொறுத்தல் என்பது பெருமைக்குரிய பண்பாகக் கருதப்படவில்லை என்பதும், பழிவாங்காமை மானக்கேடு என்னுங் குறிப்புத் தொனிக்கின்றது என்பதும் நோக்கத்தக்கன. 18-ஆம் நூற்றாண்டிலே 'வித்' சேர்ந்த வடிவம் ஊன்றியது. அதன்பின் 'வித்' இல்லாத பழைய வழக்குத் தேய்ந்து மறைந்தது. வாளும் உறையும் மறந்துபோயின. பொறுத்தல் மட்டும் எஞ்சிற்று. ஆயினும் அந்தப் பழைய மனக்குறையின் சாயல் இன்றும் இத்தொடரை விட்டு அகலவில்லை. இன்று இதனைக் கூறுவோன், தான் மனமுவந்து பொறுக்கவில்லை, வேறு வழியின்றிப் பொறுக்கின்றான் என்பதைக் குறிப்பாற் புலப்படுத்துகின்றான்.

ஒரு சொல்லாற் பிறக்கும் வேற்றுமை

'புற் அப்' என்பதற்கு இன்று வழங்கும் பொருள்கள் பல. கட்டடம் எழுப்புதல், அறிவித்தலை மாட்டுதல், விலையை உயர்த்துதல், ஒரு முயற்சிக்குப் பணம் இடுதல், எதிர்ப்புக் காட்டுதல், பொருளை விற்பனைக்கு வைத்தல் ஆகியன அவற்றுட் சில. இவற்றோடு, விருந்தினரைத் தன் இல்லத்தில் தங்கவைத்தல் என்பதும் ஒன்று. இப்பொருளே 'புற் அப் வித்' என்பதனோடு மயங்குதற்கு இடனாவது.

நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கித் திரும்பிய ஒருவன் நன்றிக்கடிதம் வரைகின்றான் என்க. 'தாங்க் யூ ஃபோர் புற்றிங் மீ அப்' என்று அவன் எழுதினால், 'என்னைத் தங்கவைத்து உபசரித்தமைக்கு நன்றி' என்பது பொருள். 'தாங்க் யூ ஃபோர் புற்றிங் அப் வித் மீ' என்று எழுதினாலோ, 'என் தொல்லையைச் சகித்துக்கொண்டமைக்கு நன்றி' என்பது பொருள். இரண்டும் பிழையற்ற வாக்கியங்களே. ஆங்கிலேயர் இரண்டையும் எழுதுவர். முன்னையது நேரிய நன்றியுரை. பின்னையது தன்னைத் தாழ்த்தி நகைச்சுவைபடக் கூறும் பணிவுரை. இவ்வேறுபாட்டை அறிந்து எழுதினால் அது நயம். அறியாது எழுதினால் நேரிய நன்றியுரை வேண்டிய இடத்தில் வேடிக்கையுரை வந்து நிற்கும்.

விருந்தளித்தவன் தன் மறுமொழியில் 'வித்' என்பதைத் தவறுதலாக இட்டுவிட்டானாயின் விளைவு இன்னும் மோசமானது. 'இரு நாளும் உம்மைத் தங்கவைத்தேன். மகிழ்ச்சி' என்று எழுதக் கருதியவன், 'இரு நாளும் உம்மைச் சகித்துக்கொண்டேன். மகிழ்ச்சி' என்று எழுதியவனாவன். நான்கெழுத்துக் கொண்ட ஓர் இடைச்சொல் விருந்தோம்பலைப் பகையாக மாற்றிவிடுகின்றது. இலக்கணப் பிழையெனில் வாசிப்போன் கண்டு நகைத்துத் திருத்திக்கொள்வான். ஈண்டு நேர்வது இலக்கணப் பிழையன்று. ஆதலின் வாசிப்போன் அதனை எழுதியவனது உள்ளக்கருத்தாகவே கொள்வன். தொடர்வினைகளைச் செவ்வனே கற்கவேண்டியதன் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

இவ்விரண்டினையும் பிரித்தறிதற்கு அமைப்பு முறையும் துணைசெய்யும். தங்கவைத்தற்பொருளில் வினைக்கும் 'அப்' என்பதற்கும் நடுவே செயப்படுபொருள் வரலாம். அது 'அவனை', 'என்னை' என்றாற்போன்ற பதிலிப்பெயராயின் நடுவே வருதல் கட்டாயம். பொறுத்தற்பொருளிலோ மூன்று சொற்களும் பிரியாது நிற்கும். செயப்படுபொருள் எப்பொழுதும் 'வித்' என்பதன் பின்னரே வரும். இடையிலே எதனையும் புகுத்தல் வழுவாகும். ஒலிக்குமிடத்து அழுத்தம் 'அப்' என்பதன்மேல் விழும். 'வித்' இறுதியில் நின்றாலன்றி மெலிதாகவே ஒலிக்கும்.

ஒத்த பொருட்சொற்களும் அவற்றின் எல்லையும்

பொறுத்தலைக் குறிக்கும் ஆங்கில வினைகள் வேறும் உள. அவை அனைத்தும் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கத்தக்கன என்று எண்ணுதல் தவறு.

'பெயார்' என்பது சுமத்தல் என்னும் பொருளையுடைய பழைய ஆங்கிலச் சொல். துன்பத்தைச் சுமையாகக் கருதித் தாங்குதல் என்பது அதன் கருத்து. தமிழிற் 'பொறு' என்பதும் சுமத்தற்பொருளை உடையதாதலும், 'பொறை' என்பது பாரத்தையும் பொறுமையையும் ஒருங்கே உணர்த்துதலும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கன. இருமொழியாளரும் ஒரே உருவகத்தை வேறுவேறாகக் கண்டுள்ளனர். 'எண்டியூர்' என்பது கடினம் என்னும் பொருளையுடைய இலத்தீன் அடியிற் பிறந்தது. நீண்ட துன்பத்தை உறுதியோடு தாங்கி நிலைத்தலை அது குறிக்கும். போரையும் பஞ்சத்தையும் தீரா நோயையும் தாங்குதற்கு ஏற்றது அதுவே. தாய் தன் மகனை இழந்த துயரத்தைத் தாங்கினாள் என்னுமிடத்துப் 'புற் அப் வித்' என்று எழுதினால், அத்துயரம் ஒரு தொல்லையளவாகச் சுருங்கிப்போகும்.

'ரொலறேற்' என்பதும் தாங்குதற்பொருளையுடைய இலத்தீன் அடியிற் பிறந்ததே. ஆனால், அதற்குத் தடைசெய்யும் ஆற்றலுடையோன் தடைசெய்யாது இடங்கொடுத்தல் என்னும் பொருளும் உண்டு. 1689-இல் ஆங்கிலப் பாராளுமன்றம் இயற்றிய சட்டமொன்று, அரசுசார் திருச்சபையினின்றும் வேறுபட்ட புரட்டஸ்தாந்தர் சிலருக்கு, சில நிபந்தனைகளோடு, தம் முறைப்படி வழிபடும் உரிமையை வழங்கிற்று. அச்சட்டம் இச்சொல்லின் பெயர்வடிவாலேயே அழைக்கப்படுகின்றது. அவ்விடத்திற் 'புற் அப் வித்' என்பது பொருந்தாது. சட்டம் இடங்கொடுக்கும், சகித்துக்கொள்வோர் மனிதரே.

இவற்றுள் 'புற் அப் வித்' என்பதற்குரிய இடம் யாது? அண்டைவீட்டு இரைச்சல், ஓயாத மழை, பிந்திவரும் புகைவண்டி, சுவையற்ற உணவு, கடுகடுத்த மேலாளர், வம்பளக்கும் உறவினர் என இவ்வாறு நாள்தோறும் நேருஞ் சிறுதொல்லைகளே அதற்குரியன. பெரும்பாலும் இத்தொடர் 'இயலாது', 'மாட்டேன்', 'வேண்டியிருக்கிறது', 'ஏன் வேண்டும்' என்னும் கருத்துள்ள துணைச்சொற்களோடு சேர்ந்தே வரும். சகித்துக்கொள்ளுகின்றேன் என்று கூறுவதிலும், இனிச் சகித்துக்கொள்ள முடியாது என்று கூறுதற்கே இதனை மக்கள் மிகுதியும் எடுத்தாளுவர்.

இத்தொடர் கொச்சைமொழியோ எனின், அன்று. கொச்சை வேறு, இல்வழக்கு வேறு. கற்றோரும் தம்முள் உரையாடுமிடத்தும், நண்பர்க்குக் கடிதம் எழுதுமிடத்தும் இதனைத் தயங்காது வழங்குவர், நாவலாசிரியரும் வழங்குவர். ஆனால் விண்ணப்பம், சட்டவாசகம், ஆராய்ச்சியுரை ஆகியவற்றில் இதனை ஒதுக்கி மேற்கூறிய சொற்களுள் ஏற்றதொன்றை அமைத்தலே முறை. வீட்டில் அணியும் ஆடை தூயதாயினும் சபைக்கு அதனை அணிந்து செல்வாரில்லை.

தமிழிலிருந்து பெயர்க்குமிடத்து நேரும் பிழைகள்

தமிழிற் 'பொறு' என்னுஞ் சொல்லின் பரப்புப் பெரிது. 'பிழை பொறுத்தருள்க' என்னுமிடத்து அது மன்னித்தலைக் குறிக்கும். 'சற்றே பொறு' என்னுமிடத்துக் காத்திருத்தலைக் குறிக்கும். 'நோயைப் பொறுத்தான்' என்னுமிடத்துத் தாங்குதலைக் குறிக்கும். திருக்குறளில் பொறையுடைமை என்னும் 16-ஆம் அதிகாரம் பேசும் பொறை, தன்னைத் தோண்டுவாரையும் தாங்கும் நிலத்தோடு ஒப்பிடப்படும் உயர்ந்த அறம். இத்துணைப் பொருளும் 'புற் அப் வித்' என்பதில் அடங்குவனவல்ல.

மன்னித்தல் அதன் பொருளன்று. ஒருவனது குற்றத்தை மன்னித்தவன் அதனை உள்ளத்தினின்றும் அகற்றிவிடுகின்றான். சகித்துக்கொண்டவனோ அதனை உள்ளத்தே வைத்துக்கொண்டிருக்கின்றான். ஆதலின், 'என் பிழைகளைப் பொறுத்தருள்க' என்பதை இத்தொடராற் பெயர்த்து ஆசிரியர்க்கு எழுதும் மாணவன் மன்னிப்பைக் கேட்டவனாகான். 'யான் இன்னும் பிழை செய்துகொண்டேயிருப்பேன். தாங்கள் சகித்துக்கொண்டேயிருங்கள்' என்று கேட்டவனாவான். காத்திருத்தலும் அதன் பொருளன்று. சற்றுப் பொறுத்திருக்குமாறு பணிவோடு வேண்டுதற்கு 'பெயார் வித்' என்னும் வேறொரு தொடர் உண்டு. 'வித்' என்பது இரண்டிற்கும் பொதுவாயினும், அது கேட்போனது பொறுமையை நாடுவது; இது கூறுவோனது பொறுமையின் எல்லையைக் காட்டுவது. பொறையென்னும் அறத்தைப் போற்றி உரைக்குமிடத்தும் இத்தொடர் ஏலாது. நிலம் தன்னைத் தோண்டுவாரைச் 'சகித்துக்கொள்கிறது' என்று இத்தொடராற் பெயர்த்தால், நிலம் முணுமுணுத்துக்கொண்டே தாங்குவதுபோலாகும். குறளின் பெருமை அவ்விடத்தே குன்றும்.

யார் யாரைப் பொறுப்பது

இன்னுமொன்று மரியாதை பற்றியது. 'நீங்கள் என்னைச் சகித்துக்கொள்ளுகின்றீர்கள்' என்று இத்தொடராற் கூறுதல் பணிவு. 'நான் உங்களைச் சகித்துக்கொள்ளுகின்றேன்' என்று கூறுதல் இகழ்ச்சி. சொல் ஒன்றே, எழுவாயும் செயப்படுபொருளும் இடம்மாறின் பணிவு இகழ்ச்சியாகின்றது. தன்னைச் செயப்படுபொருளாக வைத்துக் கூறும்வரையில் இத்தொடர் தீங்கற்றது. முன்னிற்பாரைச் செயப்படுபொருளாக வைத்துக் கூறின் அஃது அவரைத் தொல்லையெனச் சுட்டுவதாகும். 'நீ இதனைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும்' எனப் பிறனை நோக்கிக் கூறுமிடத்தும் கவனம் வேண்டும். அதனுள் 'இதனை மாற்றும் எண்ணம் எவர்க்கும் இல்லை' என்னுங் கடுமை மறைந்துள்ளது. முறையிட்டு வந்தவனுக்கு அதிகாரி ஒருவர் இம்மொழியைக் கூறுவாராயின், முறையீட்டைக் கேளாமலே கதவடைத்தவராவர்.

இறுதியில் நிற்கும் இடைச்சொல்

'வித்' என்பதன்பின் வரவேண்டிய செயப்படுபொருள் வாக்கியத்தின் முன்னே சென்றுவிடின், 'வித்' தனியே இறுதியில் எஞ்சும். 'யான் சகித்துக்கொள்ளமுடியாத ஒன்று' என்பதை ஆங்கிலத்தில் இயல்பாகக் கூறுமிடத்து இவ்வாறே நிகழும். இடைச்சொல்லால் வாக்கியம் முடிதல் வழு என்று ஆங்கில இலக்கணிகள் சிலர் நெடுங்காலங் கூறிவந்தனர். 1672-இல் யோன் டிறைடன் என்னும் புலவர் தமக்கு முற்பட்ட பென் யோன்சனின் எழுத்தில் இதனைக் குற்றமாக எடுத்துக்காட்டினார். 1762-இல் இலக்கண நூல் வெளியிட்ட றொபேட் லோத், இஃது உரையாடலுக்கு இயைந்த மரபெனக் கொண்டு, உயர்ந்த நடைக்கு மற்றதே ஏற்றது என நடுநிலையாகக் கூறினார். பின்வந்த பள்ளி இலக்கணங்கள் சில அவர் கூறிய நடுநிலையை விடுத்து, விலக்கை மட்டும் விதியாக்கின. 1926-இல் என்றி பவ்லர் தமது வழக்காற்று நூலில் அவ்விதியை ஆதாரமற்ற நம்பிக்கையெனத் தள்ளினார்.

இவ்விதியின் பொருந்தாமையைக் காட்டுதற்கு ஆங்கிலேயர் எடுத்துக்காட்டுவது பெரும்பாலும் 'புற் அப் வித்' என்பதையே. அதன் இரு இடைச்சொற்களையும் வலிந்து வாக்கியத்தின் முன்னே தள்ளி, வினையைமட்டும் இறுதியில் நிறுத்தி, விதிக்கு அடங்குவதுபோல் அமைத்த ஒரு வேடிக்கை வாக்கியம் பெயர்பெற்றது. தமது எழுத்தைத் திருத்தவந்த அலுவலரைப் பரிகசித்துச் சேர் வின்ஸ்ரன் சேர்ச்சில் அதனை எழுதினார் என்பது பரவலான கதை. அவர் எழுதியமைக்கு உறுதியான சான்று இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அவர் பெயரின்றியே அவ்வேடிக்கை அச்சேறியிருந்தமை பின்னர்க் கண்டறியப்பட்டது. கூறியவர் எவராயினும் அது புகட்டும் பாடம் உண்மையானது. பிரியாது நிற்கவேண்டிய மூன்று சொற்களை விதியின் பெயராற் பிரிப்பின் மொழி சிதையும். மரபினின்று பிறந்ததே இலக்கணம். மரபை முறிப்பது இலக்கணமாகாது.

கற்கும் வழி

ஆங்கிலத்தை எளிதாக்கக் கருதிய சி. கே. ஒக்டன் 1930-இல் 850 சொற்களாலாய ஓர் அடிப்படை ஆங்கிலத்தை வகுத்தார். அதனுள் வினைகள் 18 மட்டுமே. ஏனைய வினைகளின் பணியை 'புற்', 'கெற்' முதலிய சிறு வினைகள் இடைச்சொற்களோடு கூடிச் செய்யும் என்பது அவரது திட்டம். சொற்களின் தொகை குறைந்தது உண்மை. கற்பதற்குரிய பொருளின் தொகை குறையவில்லை. மூன்று சிறு சொற்களை அறிந்தவன் அவை கூடிய தொடரையும் அறிந்தவனாகான் என்பதை அத்திட்டத்தைக் குறைகூறியோர் எடுத்துக்காட்டினர். ஒக்ஸ்போட் பேரகராதியின் திருத்தப் பணியில், 2007-ஆம் ஆண்டளவில் 'புற்' என்னும் வினைக்குரிய பகுதியே அப்பேரகராதியின் மிக நீண்ட பகுதியாக நின்றது. 2011-இல் ஓடுதற்பொருளுள்ள 'றன்' என்னும் வினை அதனை விஞ்சியது. மூன்றெழுத்துச் சொல்லொன்றின் பரப்பு இத்துணையாயின், அதனை அட்டவணையாக மனனஞ்செய்து முடித்தல் கைகூடாது.

ஆதலின் மாணவன் செய்யத்தக்கது யாது? தொடர்வினையைக் காணுமிடத்து அதனை ஒரே சொல்லாகக் கொள்ளுதல் முதலாவது. பொருள் தேடுமிடத்து அகராதியில் வினையின் கீழ்த் தேடி, அது தரும் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் உடன்கற்றல் இரண்டாவது. ஏ. எஸ். கோண்பியும் அவர்தம் துணைவரும் தொகுத்து 1942-இல் யப்பானிலும், பின்னர் 1948-இல் ஒக்ஸ்போட்டிலும் வெளிவந்த அகராதி, ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்போரின் இத்தகைய இடர்களை முன்னிட்டு எழுந்ததே. அவ்வழிவந்த அகராதிகள் இன்று பல உள. செயப்படுபொருள் நிற்குமிடத்தைக் குறித்துக்கொள்ளுதல் மூன்றாவது. யார் யாரைநோக்கிக் கூறியது, உவந்தோ வெறுத்தோ கூறியது என்பதை உசாவுதல் நான்காவது. இந்நான்கினையும் ஒரு தொடரிற் பயின்றவனுக்கு ஏனைய தொடர்கள் தாமே வழிவிடும்.

பிறமொழிச் சொல்லொன்றைக் கற்றல் என்பது, அம்மொழியாளர் எதனைத் தொல்லையென்று கருதுவர், எதனைப் பணிவென்று கொள்வர், எவ்வளவிற் பொறுமை இழப்பர் என்பதைக் கற்றலுமாகும். வாளை உறையிலிட்ட ஒரு மக்களின் பழைய மானமும், அண்டைவீட்டு இரைச்சலைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கும் இன்றைய இல்வாழ்வானின் மனக்குறையும் 'புற் அப் வித்' என்னும் மூன்று சிறு சொற்களுக்குள் ஒருங்கே அடங்கிக்கிடக்கின்றன. அவற்றை அறிந்து ஆளுவோன், விருந்துக்கு நன்றி கூறவேண்டிய இடத்தில் விருந்துக்கே நன்றி கூறுவான். பொறைக்கு நன்றி கூறவேண்டிய இடத்திற் பொறைக்கே நன்றி கூறுவான்.